4.3 ஸ்டார், பதினோராயிரம் ரேட்டிங்: ரிவ்யூ பார்த்து வாங்கப் பழகுபவர்களுக்கு

போன வருஷம் வெங்காயம் நறுக்க ஒரு எலெக்ட்ரிக் சாப்பர் வாங்கினேன். 4.3 ஸ்டார், பதினோராயிரம் பேர் ரேட்டிங் போட்டிருந்தார்கள். பெட்டியைத் திறந்ததும் மேலேயே ஒரு அட்டை, விசிட்டிங் கார்டு அளவில், பளபளவென்று. ஒரு பக்கம் கைகூப்பிய படம். மறுபக்கம் ஐந்து மஞ்சள் நட்சத்திரம், ஒரு கியூஆர் கோடு, ‘5 ஸ்டார் ரிவ்யூ போட்டு ஸ்க்ரீன்ஷாட்டை இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தால் 100 ரூபாய் கேஷ்பேக்’. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ‘குறை இருந்தால் ரிவ்யூ போடாமல் முதலில் எங்களைக் கூப்பிடவும்’.

சாப்பர் அன்று நன்றாகத்தான் ஓடியது. போட்டேன். பத்து நிமிஷத்தில் 100 ரூபாய் வந்து விழுந்தது. மூன்றாம் மாதம் மூடிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்துபோனது. மோட்டார் சுற்றும், பிளேடு நிற்கும். என் ஐந்து ஸ்டார் மட்டும் ‘வெரிஃபைட் பர்ச்சேஸ்’ (நிஜமாக வாங்கியவர்) முத்திரையோடு அங்கேயே இருந்தது. பொய் ரிவ்யூ என்றால் எங்கோ கூலிக்கு ஆள் வைத்து எழுதுவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கூலிக்கு எழுதியவன் நானே.

புதிதாக ஆன்லைனில் வாங்க ஆரம்பித்திருக்கும் அப்பா, அம்மா, சித்தி, கல்லூரிக்குப் போகும் தம்பி எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: ‘ரிவ்யூ நல்லா இருக்கு, வாங்கலாமா?’ அவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் பின்னணி, அப்புறம் படிகள்.

ரிவ்யூ எப்படித் தயாராகிறது

அட்டை முறையைச் சொல்லிவிட்டேன். அதற்கு அடுத்தது ‘ரிவ்யூ டீல்’. டெலிகிராம், வாட்ஸ்அப் குழுக்களில் பொருளின் படத்தைப் போடுவார்கள். நீங்கள் உங்கள் கணக்கிலிருந்து, உங்கள் காசில் ஆர்டர் போட வேண்டும். பொருள் வந்ததும் ஐந்து ஸ்டார், நாலு வரி, இரண்டு போட்டோ. ரிவ்யூ பக்கத்தில் ஏறியதும் லிங்க்கை அனுப்பினால் பணம் திரும்பி வரும். பொருளும் உங்களுக்கே. நடுவில் நின்று நடத்துபவருக்கு மீடியேட்டர் என்று பெயர். இதில் கடையின், அதாவது விற்பனைத் தளத்தின், கம்ப்யூட்டர் எதைப் பிடிக்கும்? கணக்கு நிஜம், முகவரி நிஜம், பணம் கட்டியது நிஜம், டெலிவரி நிஜம். எழுதிய நாலு வரி மட்டும் பொய்.

2021இல் கடவுச்சொல் கூட இல்லாமல் திறந்து கிடந்த ஒரு சர்வரை இணையப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அமேசானில் விற்பவர்களுக்கும் காசுக்கு ரிவ்யூ எழுதுபவர்களுக்கும் நடந்த பேச்சுவார்த்தை, 1.3 கோடி பதிவுகளாக அதில் இருந்தது. அடுத்த வருஷம் ஜூலையில், இப்படிப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் குழுக்களின் நிர்வாகிகள் மீது அமேசானே வழக்குப் போட்டது.

மூன்றாவது தந்திரம் கொஞ்சம் நுட்பமானது. நன்றாக விற்ற பழைய பொருளின் பக்கத்தில் வேறொரு புதுப் பொருளை ‘இதுவும் ஒரு வகை’ என்று சேர்த்துவிடுவது. பழையதன் ஸ்டார் எல்லாம் புதியதற்கு வந்துவிடும். அமெரிக்காவில் வைட்டமின் மாத்திரை விற்கும் பவுண்டிஃபுல் என்ற கம்பெனி இதைச் செய்ததற்காக 2023இல் அந்நாட்டு வர்த்தக ஆணையத்துக்கு 6 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது.

நான்காவதில் பொய்யே தேவையில்லை. கெட்டதை மறைத்தால் போதும். ஃபேஷன் நோவா என்ற அமெரிக்கத் துணிக்கடை தன் தளத்தில் நான்கு, ஐந்து ஸ்டார் ரிவ்யூக்களைத் தானாக ஏறவிட்டு, அதற்குக் கீழே வந்தவற்றை வருஷக்கணக்கில் வெளியிடாமலே வைத்திருந்தது என்று அதே ஆணையம் குற்றம் சாட்டியது. 2022இல் 42 லட்சம் டாலருக்கு விஷயம் முடிந்தது. இங்கே வேலையைச் செய்தது கடையே என்பதைக் கவனியுங்கள்.

கடைக்காரர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

பார்க்கிறார்கள். 2023இல் மட்டும் சந்தேகத்துக்குரிய 25 கோடிக்கும் மேற்பட்ட ரிவ்யூக்களைத் தடுத்ததாக அமேசான் சொன்னது. அதைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தப்பித்து உள்ளே வந்தவை எத்தனை என்று அந்தக் கணக்கில் இல்லை. வாட்ச்மேன் ஒரே ராத்திரியில் நூறு திருடர்களை விரட்டினேன் என்று சொன்னால், பாராட்டுவதா பூட்டை மாற்றுவதா என்று புரியாதல்லவா, அதுபோலத்தான்.

எனக்கு நம்பிக்கை குறைந்ததற்குக் காரணம் வேறு. பொருள் நல்லதோ கெட்டதோ, விற்றால் கடைக்குக் கமிஷன் உண்டு. 2022 ஆகஸ்டில் நம் நாட்டு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், கட்டாயத் தர விதிக்கு ஒத்துவராத 2,265 பிரஷர் குக்கர்கள் அமேசான் தளத்தில் விற்றதற்காக ஒரு லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அந்தக் குக்கர்களை விற்றதில் அமேசானுக்குக் கிடைத்த கமிஷன் ஆறு லட்சத்துக்கும் மேல். அதே மாதம் 598 குக்கர்களுக்காக ஃப்ளிப்கார்ட்டுக்கும் ஒரு லட்சம். விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனது. குக்கர் வெடித்தால் கை வெந்துபோகும் என்று தெரிந்த ஒரு பொருளிலேயே இந்த லட்சணம் என்றால், யாரோ நாலு வரி பொய் எழுதியதற்கா ராத்தூக்கம் கெடப்போகிறார்கள்?

சட்டமும் இருக்கிறது. விற்பவர் வாடிக்கையாளர் வேஷம் போட்டு ரிவ்யூ எழுதக் கூடாது என்று 2020ஆம் வருஷத்து மின் வணிக விதிகளே சொல்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஆன்லைன் ரிவ்யூவுக்கென்றே ஐ.எஸ். 19000 என்று ஒரு தரவிதி கொண்டுவந்தது. விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகையில்தான் அது வந்தது. ‘விரும்பினால்’ என்ற சொல்லுக்கு வியாபாரத்தில் என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும். அமெரிக்காவில் 2024 அக்டோபரிலும் பிரிட்டனில் 2025 ஏப்ரலிலும் பொய் ரிவ்யூவுக்கு எதிராகக் கறாரான விதிகள் வந்துவிட்டன.

பொய் ரிவ்யூவைக் கண்டுபிடித்துத் தரும் ஃபேக்ஸ்பாட் என்ற இலவசக் கருவியை நானும் கொஞ்ச காலம் பயன்படுத்தினேன். அதை 2023இல் மொசில்லா வாங்கியது, 2025 ஜூலையில் மூடியே விட்டார்கள். இனி நம் கண்தான் கருவி.

படி 1: ரிவ்யூவுக்கு முன்னால் ரிட்டர்ன்

எல்லாரும் ஸ்டாரில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் விலைக்குப் பக்கத்தில் இருக்கும் ரிட்டர்ன் விதியில் ஆரம்பியுங்கள். ‘ரிட்டர்ன்’ என்றால் பணம் திரும்பும். ‘ரீப்ளேஸ்மென்ட் மட்டும்’ என்றால் அதே பொருள் இன்னொன்று வரும், பணம் வராது. மோசமான பொருளுக்குப் பதில் இன்னொரு மோசமான பொருள். எத்தனை நாள் என்றும் பாருங்கள். ஏழு நாளா, பத்து நாளா, எந்தத் தேதியிலிருந்து? பணம் திரும்பாது என்றால் ரிவ்யூவை இன்னும் மூன்று மடங்கு சந்தேகத்தோடு படிக்க வேண்டும்.

படி 2: விற்பது யார்?

தளத்தின் பெயர் வேறு, விற்பவர் பெயர் வேறு. பெயரைத் தொட்டால் அவருடைய முகவரி, அவருக்கு வாடிக்கையாளர்கள் கொடுத்த மதிப்பீடு எல்லாம் வரும். பொருள் எந்த நாட்டில் செய்தது என்பதும் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ஒரே பிராண்டு மிக்ஸியை நாலு பேர் விற்றால், கம்பெனியே நடத்தும் கடை எது என்று தேடுங்கள். பல சமயம் ரிவ்யூ பொருளைப் பற்றியதாக இருக்காது. இந்த நாலு பேரில் போலி அனுப்பியவர் ஒருவரைப் பற்றியதாக இருக்கும்.

படி 3: நட்சத்திரத்தைத் தாண்டுங்கள்

அந்த 4.3 என்பது நாம் பள்ளியில் போட்ட சராசரி என்று நினைக்காதீர்கள். ரிவ்யூ எவ்வளவு புதியது, எழுதியவர் நிஜமாக வாங்கினாரா என்பதையெல்லாம் வைத்து ஒரு இயந்திரக் கணக்குப் போட்டுத்தான் ஸ்டார் தருவதாக அமேசானே சொல்கிறது. அந்தக் கணக்கை நம்மால் சரிபார்க்க முடியாது. ஆகவே மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள்.

ஒன்று, ரேட்டிங் எத்தனை, எழுதிய ரிவ்யூ எத்தனை. பதினோராயிரம் பேர் ஸ்டாரைத் தட்டிவிட்டு முந்நூறு பேர்தான் எழுதியிருந்தால், உங்களுக்குப் பயன்படுவது அந்த முந்நூறுதான்.

இரண்டு, எந்த ஸ்டாரை எத்தனை பேர் போட்டார்கள் என்று காட்டும் கம்பிப்படம். நல்ல பொருளுக்கு ஐந்து பெரிதாக, நான்கு ஓரளவு, அப்படியே படிப்படியாகக் குறைந்துகொண்டு வரும். ஐந்தும் ஒன்றும் மட்டும் தூக்கி நின்று நடுவில் காலியாக இருந்தால் யோசியுங்கள். ஐந்து போட்டவர்களில் பாதிப்பேர் என்னைப் போல நூறு ரூபாய் ஆசாமிகளாக இருக்கலாம்.

மூன்று, வரிசை. பக்கம் திறந்ததும் தெரிவது ‘டாப் ரிவ்யூ’. அதைத் தொட்டு ‘லேட்டஸ்ட்’ என்று மாற்றுங்கள். புதியவர்கள் செய்யாமல் விடுவதும், செய்தால் அதிகம் பலன் தருவதும் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் நல்ல பொருளாக வந்தது இப்போது தரம் குறைந்திருக்கலாம். என் சாப்பர் பக்கத்தில் டாப் ரிவ்யூ எல்லாம் ‘சூப்பர்’. லேட்டஸ்ட்டில் மூன்றாவது ரிவ்யூவிலேயே ஒருவர் தேய்ந்த பல்சக்கரத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். நான் பார்த்தது வாங்கிய பிறகு.

ரிவ்யூக்களைச் சுருக்கிச் செயற்கை நுண்ணறிவு ஒரு பத்தி தருமே, அதையும் தாண்டிப் போய்விடுங்கள். மாவு புளித்திருந்தால் தோசையும் புளிக்கும்.

படி 4: மூன்று ஸ்டாரிலிருந்து படியுங்கள்

ஐந்து ஸ்டாரை விற்பவர் எழுதியிருக்கலாம். ஒரு ஸ்டாரைப் போட்டிக் கம்பெனிக்காரர் எழுதியிருக்கலாம், அல்லது டெலிவரி பையன் வாசலில் வைத்துவிட்டுப் போன கோபத்தில் எழுதியிருக்கலாம். மூன்று ஸ்டார் எழுத யாரும் காசு கொடுப்பதில்லை. அங்கே இப்படி இருக்கும்: ‘சத்தம் அதிகம், ஆனால் தேங்காய் நன்றாக அரைகிறது. ஒயர் ரொம்பச் சின்னது, எக்ஸ்டென்ஷன் போட வேண்டியிருந்தது.’ அவ்வளவுதான் வேண்டும். இந்தக் குறையோடு என்னால் குடும்பம் நடத்த முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு, ஒரு ஸ்டார் ரிவ்யூக்களில் கூரியர் புகார், லேட் டெலிவரி, ‘கலர் பிடிக்கவில்லை’ எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். மிச்சத்தில் ஒரே குறை வேறு வேறு ஆட்களிடம், வேறு வேறு மாதங்களில் திரும்பத் திரும்ப வருகிறதா? ‘மூன்று மாதத்தில் நின்றுவிட்டது’ என்று ஐந்து பேர் சொன்னால் அது அந்தப் பொருளின் ஆயுள். அதற்கு மேல் தேட வேண்டாம், அடுத்த பொருளுக்குப் போங்கள்.

படி 5: எழுதியவர் யார் என்று பாருங்கள்

சந்தேகம் வந்தால் பெயரைத் தொடுங்கள், சில தளங்களில் அவருடைய மற்ற ரிவ்யூக்களும் தெரியும். ஒரே வாரத்தில் பெண்கள் குர்தா, கார் வாக்யூம், குழந்தை டயப்பர், தாடி எண்ணெய், நாலு பவர் பேங்க் எல்லாவற்றுக்கும் ஐந்து ஸ்டார் கொடுத்திருந்தால், அவர் வீட்டில் என்னதான் நடக்கிறது என்று கேட்கத் தோன்றும். நிஜ வாடிக்கையாளர் நாலு பொருளில் ஒன்றையாவது திட்டியிருப்பார்.

எழுத்து நடையை வைத்துக் கண்டுபிடிப்பது முன்பு சுலபம். பொருளின் முழுப்பெயரை மாடல் எண்ணோடு எழுதுவார்கள் (வீட்டில் யாராவது மிக்ஸியை மாடல் எண் சொல்லியா கூப்பிடுகிறோம்?), விளம்பரத்தில் இருக்கும் வரியே ரிவ்யூவிலும் இருக்கும். இப்போது இயந்திரமே விதவிதமாக, எழுத்துப்பிழையோடுகூட எழுதித் தருகிறது. அதனால் நான் போட்டோவைத்தான் பார்க்கிறேன். நிஜப் படத்தில் பின்னால் சமையல் மேடையும் எண்ணெய்க் கறையும் இருக்கும். இன்னொன்று, படத்தில் இருப்பது நீங்கள் வாங்கப்போகும் பொருள்தானா? கெட்டில் பக்கத்தில் பழைய ரிவ்யூக்களில் மொபைல் கவர் படம் இருந்தால், மேலே சொன்ன மூன்றாவது தந்திரம் அதுதான்.

ஒரே தேதியில் நாற்பது ரிவ்யூ குவிந்திருப்பதும் ஒரு அறிகுறி. ஆனால் தீபாவளித் தள்ளுபடி முடிந்த வாரம் எல்லாப் பொருளுக்கும் அப்படித்தான் குவியும். அதை மட்டும் வைத்து யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள்.

படி 6: கரண்டு, நெருப்பு, தலை இருந்தால் முத்திரை

துணி, பொம்மை, பை, செருப்பு என்றால் ஏமாந்தாலும் பணத்தோடு போகும். குக்கர், ஹெல்மெட், சார்ஜர், பவர் பேங்க் அப்படி இல்லை. இவற்றுக்கு லட்சம் ரிவ்யூ இருந்தாலும் கணக்கில் எடுக்காதீர்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற அரசு ஆப்பை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். குக்கர், ஹெல்மெட் போன்றவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று ஆரம்பிக்கும் உரிம எண் இருக்கும். சார்ஜர், பவர் பேங்க்கில் ‘ஆர்’ என்ற எழுத்தோடு ஒரு பதிவு எண். அந்த எண்ணை ஆப்பில் அடித்தால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு, உரிமம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். பெட்டியில் ஒரு பெயரும் ஆப்பில் வேறு பெயரும் வந்தாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ, திருப்பி அனுப்புங்கள்.

படி 7: வெளியே ஒருவரைக் கேளுங்கள்

யூடியூப் ரிவ்யூ பார்க்கலாம், ஆனால் கீழே வாங்கும் லிங்க் இருந்தால் அதில் அவருக்குக் கமிஷன் இருக்கக்கூடும். காசு வாங்கியோ இலவசப் பொருள் வாங்கியோ பேசினால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் தர மன்றத்தின் 2021 வழிகாட்டுதலே இருக்கிறது. எல்லாரும் சொல்வதில்லை.

என் அனுபவத்தில் சரியான ஆள் தெருமுனை மிக்ஸி ரிப்பேர் கடைக்காரர். செத்த சாப்பரைத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் மேஜைக்குக் கீழே இருந்த டப்பாவைக் காட்டினார். அதில் என் சாப்பர் மூடி மாதிரியே ஆறு மூடி. ‘இதுக்கு ஸ்பேர் கிடையாது சார், தூக்கிப் போட வேண்டியதுதான்’ என்றார். வாங்குவதற்கு முன் அவரிடம் ‘எது ரிப்பேருக்கு அதிகம் வருது, எதுக்கு ஸ்பேர் கிடைக்குது’ என்று இரண்டே கேள்வி கேட்டிருந்தால் போதும். அவருக்கு யாரும் ஐந்து ஸ்டார் அட்டை கொடுப்பதில்லை.

படி 8: பொருள் வந்த அன்று

முகவரிச் சீட்டு தெரிய, பெட்டியைப் பிரிப்பதை ஒரே வீடியோவாக எடுங்கள். ரிட்டர்ன் நாள் முடிவதற்குள் பொருளை நன்றாக வேலை வாங்குங்கள். பூஜை அறையில் வைத்து நல்ல நாள் பார்த்துத் திறக்கிறேன் என்றால் அதற்குள் ஏழு நாள் ஓடிவிடும். உள்ளே அட்டை இருந்தால் தூக்கிப் போடாமல் படம் எடுத்து, தளத்தில் புகார் சொல்லும் இடத்தில் ஏற்றுங்கள். நான் ஏற்றியபோது ‘பரிசீலிக்கிறோம்’ என்று பதில் வந்தது, அதோடு சரி. இருந்தாலும் பதிவு இருக்கட்டும், அடுத்த படிக்கு உதவும்.

படி 9: ஏமாந்துவிட்டால்

முதலில் தளத்திலேயே புகார் எழுதி, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். போனில் பேசி மட்டும் விடாதீர்கள், எழுத்தில் இருக்க வேண்டும். அங்கே வேலை ஆகவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். பில், படம், வீடியோ, புகார் எண் நான்கும் கையில் இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் இல்லை.

இதோடு சேர்த்து ஒரு எச்சரிக்கை. ‘வீட்டிலிருந்தே ஹோட்டலுக்கு ரிவ்யூ போடுங்கள், ஒரு ரிவ்யூவுக்கு 50 ரூபாய்’ என்று டெலிகிராமில் வருவது வேறு கதை. முதல் நாள் 150, 200 நிஜமாகவே தருவார்கள். அப்புறம் ‘பிரீபெய்ட் டாஸ்க்’ என்று ஆயிரம் கட்டச் சொல்வார்கள், பிறகு பத்தாயிரம், பிறகு லட்சம். கட்டிய பணம் திரையில் ஏறிக்கொண்டே போகும், கையில் வராது. மாட்டிக்கொண்டால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்யுங்கள். பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் அதை முடக்க வாய்ப்பு அதிகம்.

படி 10: உங்கள் பழைய ரிவ்யூவைத் திருத்துங்கள்

இது பலருக்குத் தெரியாது. எழுதிய ரிவ்யூவை உங்கள் கணக்குப் பக்கத்தில் போய் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பொருள் வாங்கி மூன்று மாதம், ஆறு மாதம் கழித்து எழுதும் நாலு வரிதான் அடுத்தவருக்கு உண்மையில் பயன்படுவது. என்ன வேலைக்கு வாங்கினீர்கள், எத்தனை நாள் ஓடியது, எந்தப் பாகம் போனது, சர்வீஸில் என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள். ‘மோசம், வேஸ்ட்’ என்று மட்டும் எழுதாதீர்கள், தேய்ந்த பாகத்தின் படத்தைப் போடுங்கள்.

நானும் ஐந்தை ஒன்றாக்கி, பல்சக்கரத்தைப் படம் எடுத்துப் போட்டு, 100 ரூபாய் வாங்கியதையும் எழுதினேன். முதல் தடவை ‘விதிமுறைக்குப் பொருந்தவில்லை’ என்று தளம் நிராகரித்தது. காசு வாங்கிய வரியை எடுத்துவிட்டுப் போட்டேன், ஏறியது. இரண்டாம் நாள் அந்தப் பழைய வாட்ஸ்அப் எண்ணிலிருந்து மெசேஜ்: ‘அண்ணா, ரிவ்யூ டெலிட் பண்ணிடுங்க, 300 அனுப்பறோம்.’ போன வாரம் 500 ஆக்கியிருக்கிறார்கள்.